பெரும்பொழுதும் எழுத்துருவும்: நான்காம் வகுப்பு ஒட்டேடு ஒன்றை முன்வைத்து

முன்னுரை

உலக மொழிகளுள் மூத்தது தமிழ் என்று தொடங்காத ஆய்வுக் கட்டுரையை யாரும் மதிப்பதில்லை. ஆகவே, உலக மொழிகளுள் மூத்தது தமிழ். இனி விஷயத்துக்கு வரலாம்.

காலாண்டு விடுமுறைக்கு என் மகளின் பள்ளி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. (பள்ளியின் பெயர் ஆய்வு அறம் கருதி மறைக்கப்படுகிறது. அடுத்த ஆண்டும் அவள் அங்கேதான் படிக்க வேண்டும்.) ‘பருவங்கள்’ என்ற தலைப்பில் ஸ்கிராப் புக் செய்து வரவும்; நான்கு பருவத்துக்கு நான்கு பக்கம்; படம் ஒட்டி, தமிழில் அழகாகத் தலைப்பு எழுதவும். இவ்வளவுதான் கேட்டிருந்தார்கள். கத்தரிக்கோலும் பெவிகாலும் இருந்தால் ஒரு மணி நேர வேலை. கெட்ட காலம், அன்று என் மைத்துனர் வீட்டில் இருந்தார்.

அவர் தமிழில் முனைவர் பட்டத்துக்காக ஏழாம் ஆண்டாக ஆய்ந்துவருபவர். சுற்றறிக்கையை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, “எழுதவும்னு போட்டிருக்கு மாமா. கையால எழுதணுமா, கம்ப்யூட்டர்ல அடிச்சா அது எழுதினதாகுமா? எழுதுதல்னா என்னன்னு மொதல்ல வரையறுக்கணும்” என்றார். இந்த ஆய்வு பிறந்தது அந்த நொடியில்.

ஆய்வு நடையையும் நான் அவரிடமிருந்தே கற்றேன். போன மாதம் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்துவிட்டு ஆய்வுக்கோவை ஒன்றோடு வந்தார். கட்டணம் கட்டியவர்களின் கட்டுரைகள் அதில் வரும். கோவை கைக்கு வந்ததும் ஒவ்வொருவரும் தத்தம் பக்கத்தைத் திறந்து, இன்ஷியல் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மூடி அலமாரியில் வைத்துவிடுவார்கள். அதை முழுக்கப் படித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அன்று பகல் பூராவும் கரன்ட் இல்லை. படித்ததில் ஒன்று பிடிபட்டது. ஒரு செய்தி உறுதி என்றால் ‘அறிய முடிகிறது’ என்று எழுத வேண்டும். சந்தேகம் என்றால் ‘புலனாகிறது’. சுத்தமாகத் தெரியாது என்றால் ‘தெள்ளிதின் விளங்கும்’.

கருதுகோள்

பருவத்துக்கும் எழுத்துருவுக்கும் தொடர்பு உண்டு என்பது இவ்வாய்வின் கருதுகோள். தொடர்பு இல்லை என்று முடித்தால் கட்டுரை மிகவும் சிறியதாகிவிடும் என்பதால், உண்டு என்பதே முடிவும்.

ஆய்வு எல்லை

வடக்கே ஜெராக்ஸ் கடை, தெற்கே ஸ்டேஷனரி கடை, இடையில் எங்கள் வீடு.

சொல்லாய்வு

ஸ்கிராப் புக் என்பதற்கு முதலில் ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். துணுக்கேடு, கத்தரிப்பேடு, ஒட்டேடு என்ற மூன்றையும் காலை டிபனோடு வீட்டாரின் முன்வைத்தேன். ‘ஸ்கிராப்’ என்றால் காயலான் கடைச் சரக்கு என்று மட்டும் அறிந்திருந்த மாமியார், “புள்ள படிக்கிற பொஸ்தகத்துக்கு இப்படியா மாப்பிள்ளை பேரு வெப்பாங்க?” என்று வருந்தினார் (மாமியார், நேர்காணல், அடுக்களை, காலை 7.40). மகள் மூன்றையும் ஏற்கவில்லை. மனைவி கேட்கவேயில்லை. எனவே பெரும்பான்மைக் கருத்தின்படி ‘ஒட்டேடு’ தேர்வு செய்யப்பட்டது. பெரும்பான்மை என்பது நான்.

அடுத்தது எழுத்துரு. புத்தகத்தில் எழுத்துரு, டிடிபி கடையில் ஃபான்ட், கடைக்கு வருகிறவர்கள் வாயில் ‘ஸ்டைல்’. “இந்த ஸ்டைல் வேணாம்ப்பா, கல்யாணப் பத்திரிகையில வளைஞ்சு வளைஞ்சு வருமே, அந்த ஸ்டைல்.” உருக்கி வார்த்தல் என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஃபான்ட் வந்ததாக ஆங்கில அகராதிகள் சொல்கின்றன. ஈயத்தைக் காய்ச்சி அச்செழுத்து வார்த்த காலத்துச் சொல். மைத்துனர் இதை மறுக்கிறார். எழுத்துகளைப் போட்டுவைப்பது பாண்டம், பாண்டம் தேய்ந்து ‘பாண்ட்’ ஆயிற்று, கப்பலேறிப் போகையில் உப்புக்காற்றுப் பட்டு ‘ஃபான்ட்’ ஆயிற்று என்பது அவர் முடிபு (மைத்துனர், அச்சேறாத கருத்து, பைக்கின் ஸ்டாண்டை எடுத்த பின் கூறியது, இதன் திருத்திய இரண்டாம் பதிப்பு அன்றிரவே வாட்ஸப்பில் வெளிவந்தது, அதில் பாண்டியர்களும் சேர்க்கப்பட்டிருந்தார்கள்). இந்த முறையில் உலகத்தின் எந்தச் சொல்லையும் தமிழாக்கிவிடலாம். பலர் ஆக்கியிருக்கிறார்கள். சிலருக்குப் பொன்னாடையும் கிடைத்திருக்கிறது.

முன்னோர் ஆய்வுகள்

மார்க் ட்வைன் 1873-ல் தானே ஒட்டிக்கொள்ளும் ஒட்டேடு ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். தாளில் முன்கூட்டியே பசை பூசியிருக்கும், நனைத்தால் போதும். அவருக்கு மைத்துனர் இருந்தாரா என்பது தெள்ளிதின் விளங்கும்.

பருவம் நான்கா, ஆறா?

பள்ளி நான்கு என்கிறது: வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிற ‘சீசன்ஸ்’ சார்ட்டும் அப்படியே. அதில் இலையுதிர் காலத்துக்குச் சிவந்த மேப்பிள் இலை. குளிர்காலத்துக்குக் கேரட் மூக்கு வைத்த பனிமனிதன். இந்தப் பனிமனிதனைச் சென்னையில் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன ஆவான் என்பதைக் கடையிலேயே ஆராய்ந்திருக்கலாம். கடைக்காரர் விரும்பவில்லை.

தொல்காப்பியம் ஆண்டை ஆறு பெரும்பொழுதாக வகுக்கிறது. ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். இதில் இலை உதிர்வதற்கென்று தனிப் பருவமே கிடையாது. எங்கள் தெரு வேப்பமரம் மாசி பங்குனியில் உதிர்க்கும்; அதைப் பெருக்குவது யார் என்ற கேள்விதான் அந்தப் பருவத்தின் உரிப்பொருள். மேப்பிள் இலை சிவக்கிற அக்டோபரில் எங்களுக்கு வடகிழக்குப் பருவமழை, கணுக்கால் தண்ணீர், படகு விடுகிற பிள்ளைகள்.

ஆகவே ஆறு பக்கம் என்று தீர்மானித்தேன். “மிஸ் நாலுதான் சொன்னாங்க” என்றாள் மகள். அவள் வயது ஒன்பது. தகவலாளராகச் சேர்க்கப் போதிய வயது இல்லாததால் இக்கருத்து கணக்கில் கொள்ளப்படவில்லை.

இலையுதிர் காலத்தை நீக்கியதில் ஒரு இழப்பு உண்டு. அந்தச் சொல்லில் ஒரு ‘லை’ இருக்கிறது. மாமியார் ‘லை’ எழுதும்போது முன்னால் தும்பிக்கை போட்டுத்தான் எழுதுவார். அவர் பள்ளிக்குப் போன காலத்தில் அதுதான் சரி. ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கையோடு திரிந்தன. ணா, றா, னா முதலிய ஒன்பதும் தத்தம் காலை மடக்கிக்கொண்டு நின்றன. இந்தப் பதின்மூன்றையும் பெரியார் 1935-லேயே குடி அரசு இதழில் நிமிர்த்தினார். அரசாணை வர 1978 ஆயிற்று. மாமியாருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

எழுத்துரு இனவரைவியல்

கணினியைத் திறந்து எழுத்துருப் பட்டியலைப் பார்க்கிறவனுக்கு முதலில் படுவது, அது ஒரு தாலுகா அலுவலகத்தின் வருகைப் பதிவேடு போல இருக்கிறது என்பது. லதா, விஜயா, நிர்மலா, பாமினி. விண்டோஸ் 2000-த்தோடு லதா வேலைக்குச் சேர்ந்தார். விண்டோஸ் 7-ல் விஜயா வந்தார். விண்டோஸ் 8-ல் வந்த நிர்மலா அகில இந்தியப் பணி. இந்தி, வங்கம், தெலுங்கு என்று எந்த ஊருக்கு மாற்றினாலும் போவார். லதாவுக்கும் விஜயாவுக்கும் தமிழ் மட்டும்தான். பாமினி நிரந்தரப் பணியாளர் அல்லர். ஆனால் யாழ்ப்பாணம் முதல் திருச்சி வரை டிடிபி கடைகளின் பாதி வேலையை அவர்தான் பார்த்தார். அவரைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்லப்படும், ஏனென்றால் என் விடுமுறையில் மூன்று நாளைத் தின்றவர் அவரே. ஆப்பிள் கணினி வைத்திருப்போருக்கு மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் வடித்த இணைமதி உண்டு. எங்களிடம் ஆப்பிள் இல்லை.

கார்

கார் என்றால் கருமை. கரிய மேகத்துக்குத் தடித்த எழுத்து வேண்டும். மும்பையில் ஏக் டைப் என்ற எழுத்துருக் குழுவினர் செய்த ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது: பாலூ. பாலூ என்றால் இந்தியில் கரடி. எழுத்துகள் உருண்டு திரண்டு, தேன் குடித்துவிட்டு உட்கார்ந்த கரடிக்குட்டிகள் போலவே இருக்கும். கரடி, கருமை, கார். தொடர்பு நிறுவப்பட்டது. இத்தோடு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கலாம்.

தமிழுக்கான பாலூவின் முழுப் பெயரை மைத்துனர் படித்துவிட்டார். ‘பாலூ தம்பி’.

ஒவ்வொரு மொழிக்கும் அந்தந்த மொழியின் உறவுப் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். குஜராத்திக்கு பாலூ பாய். பஞ்சாபிக்கு பாஜி. ஒடியாவுக்கு பைனா. வங்கத்துக்கு தா. தெலுங்குக்குத் தம்முடு, கன்னடத்துக்குத் தம்மா. மலையாளத்துக்கு பாலூ சேட்டன்.

“சேட்டனா?” என்றார் மைத்துனர். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “மலையாளம் நமக்கு அண்ணனா மாமா?” என்றார்.

இதில் உள்ள கால முரணைக் கவனிக்க வேண்டும். பாஜி, பைனா, தா, சேட்டன் எல்லாம் அண்ணன் முறை. தம்பி, தம்முடு, தம்மா மூன்றும் இளையவர் முறை. அதாவது, வாக்கியத்துக்கு வாக்கியம் மூத்த மொழி என்று நாம் எழுதிவரும் தமிழ், கரடிக் குடும்பத்தில் கடைக்குட்டி வரிசையில் உட்காரவைக்கப்பட்டிருக்கிறது. நம்மிடமிருந்து பிரிந்து போனதாக நாம் வகுப்பெடுக்கிற மலையாளம் திண்ணையில் கால்மேல் கால் போட்டிருக்கிறது. மைத்துனர் அன்றே ஒரு கண்டனக் கடிதம் வரைந்தார். முதல் வரைவில் ‘பாலூ அண்ணன்’ என மாற்றும்படி கோரினார். இரண்டாம் வரைவில், அண்ணன் என்றால் மற்ற மொழிகளோடு சமமாகிவிடும் என்பதால் ‘பாலூ பெரியப்பா’. மூன்றாம் வரைவில் ‘பாலூ பாட்டன்’. நான்காம் வரைவில் ‘பாலூ’ என்பதே தமிழ்ப் பெயர்தான், எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர் இருக்கிறார்கள், கரடி இதை இரவல் வாங்கியது என்று நிறுவப்பட்டது (மைத்துனர், கண்டனக் கடிதம், நான்காம் வரைவு, மின்கட்டண ரசீதின் பின்புறம், இந்த மூலப்படியின் கீழ்ப்பாதி மின் அலுவலகத்தில் உள்ளதாக அறிய முடிகிறது).

இதற்கு எதிர்வாதமும் உண்டு. நடுநிலை கருதி அதையும் தருகிறேன். தமிழ்நாட்டில் தம்பி என்பது சாதாரணப் பதவி அல்ல. அறிஞர் அண்ணா ‘தம்பிக்கு’ என்றுதான் கடிதம் எழுதினார். அதைப் படித்த தம்பிகள் பின்னால் நாட்டையே ஆண்டார்கள். தவிர, தாம்பரம் பஸ் நிற்குமா என்று கேட்பவர் முதல் சில்லறை இல்லை என்று சொல்பவர் வரை பெயர் தெரியாத எவரையும் இந்த ஊர் ‘தம்பி’ என்றே அழைக்கிறது. பெயர் தெரியாத ஊர்க்காரர்களுக்குப் பெயர் வைக்கிற மும்பைக்காரர்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள் போலும். இந்த வாதத்தை மைத்துனரிடம் சொன்னேன். “உங்களுக்கு உணர்வு பத்தலை மாமா” என்றார்.

மாமியார் கேட்டது ஒன்றே ஒன்று: “கரடிக்கு எதுக்குடா தம்பி?” (மாமியார், மேலது, குரலை உயர்த்தி.) இந்தக் கேள்விக்கு இதுவரை விடை கிடைக்கவில்லை.

கூதிர்

வாடைக் காற்றுக்குக் கையெழுத்துப் பாங்கு பொருந்தும். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடித்த கவிவனர் பயன்படுத்தப்பட்டது. நன்றாக இருந்தது. நன்றாக இருப்பதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

முன்பனி

பனிக்கு மெலிந்த எழுத்து. பிரியா இரவிச்சந்திரன் வடித்த கேட்டமரன், பெயரளவில் நம் கட்டுமரமே ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பியது. ஒன்பது தடிமன்களில் கிடைக்கிறது. மிக மெலிந்ததைத் தேர்ந்தேன். பின்னால் வந்த வினைக்கு இதுவே வித்து. ஆனால் அதைச் சொல்லும் இடம் இதுவல்ல.

முன்பனியில் தை அடங்கும். தையில் பொங்கல் அடங்கும். பொங்கல் தலைப்பு ஒன்று ஏற்கெனவே எங்களிடம் இருந்தது. மனைவியின் அக்கா மகன் 2007-ல் இதே போன்ற ஒட்டேடு செய்தபோது கடையில் அடித்து, சிடியில் வாங்கிவைத்தது. சிடியை வாசிக்கிற பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, கோப்பைத் திறந்தேன். திரையில் தமிழ் இல்லை. ஆங்கிலமும் இல்லை. எழுத்துகள் ஆங்கிலம்தான், சொல் எந்த மொழியும் அல்ல: என், ஜி, எச், க்யூ, ஓர் அரைப்புள்ளி, எஃப், ஒய், மறுபடி ஓர் அரைப்புள்ளி. சிறிது இடைவெளி. அதன் பின் இன்னொரு நீண்ட கோவை.

வேறு எவனாக இருந்தாலும் கோப்பை மூடியிருப்பான். எனக்கோ 2025 ஜனவரியில் தமிழக முதலமைச்சர் அறிவித்தது நினைவுக்கு வந்தது. சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுவோருக்குப் பத்து லட்சம் டாலர். சிந்துவெளிக்கு ஐராவதம் மகாதேவன் 1977-ல் தொகுத்த அட்டவணையில் 417 குறிகள். இங்கே அத்தனை இல்லை, பயிற்சிக்கு ஏற்றது. குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மொத்தம் இருபது குறி. அதில் ஆறு அரைப்புள்ளி. ஒரே குறி இத்தனை முறை வருமானால் அது இறைப் பெயராகவோ வரிவிதிப்பாகவோ இருக்க வேண்டும். அரைப்புள்ளி எந்தச் சொல்லுக்கும் முதலில் வரவில்லை. இரண்டு சொல்லும் அரைப்புள்ளியிலேயே முடிகின்றன. இந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சிந்துவெளி முத்திரைகளிலும் மிக அதிகமாக வருவது சாடிக் குறி. அதுவும் பெரும்பாலும் இறுதியிலேயே வருகிறது. அரைப்புள்ளியை உற்றுப் பார்த்தால் கீழே இருப்பது வாய் சரிந்த சாடி; மேலே இருப்பது சாடியிலிருந்து தெறித்த துளி. வழிகிற சாடி. வழிகிற பானை. பானை வழிந்தால் என்ன? பொங்கல்! முதல் சொல்லைப் படித்தாயிற்று. இதே முறையில் இரண்டாம் சொல்லைக் ‘கொற்கை முத்து வணிகர் சங்கம்’ என்று படித்தேன். மைத்துனர் நோட்டை வாங்கிப் பார்த்து, கீழடியையும் உள்ளே கொண்டுவந்தால் இன்னும் வலுவாக இருக்கும் என்றார். கொண்டுவந்தோம்.

நான்காம் நாள் காலை பென் டிரைவை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கல்லூரிக்குப் போய்க்கொண்டே பகுதி நேரமாகக் கடையைப் பார்க்கிற பையன் திரையை ஒரு நொடி பார்த்தான். கன்ட்ரோல் ஏ. எழுத்துருப் பட்டியலைக் கீழே இழுத்தான். பாமினி. ‘பொங்கல் வாழ்த்துக்கள்’ என்று திரை நிரம்பியது.

“ஃபான்ட் மாறியிருக்கு சார், அவ்ளோதான்.”

அவன் விளக்கியதன் சாரம் இது. அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் நாற்காலியில் தமிழ் எழுத்துகளை உட்காரவைத்தன. பாமினியில் ஜே என்ற நாற்காலியில் த, கே-யில் ம, ஓ-வில் ழ. மெய்யெழுத்தின் மேல் வைக்கிற புள்ளிக்குக் கிடைத்தது அரைப்புள்ளியின் நாற்காலி. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் எழுந்து போய்விடும், நாற்காலி மட்டும் தெரியும். ‘தமிழ்’ என்று அடித்தால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. நான் மூன்று நாள் ஆராய்ந்தது ஆறு ஒற்றெழுத்துகளின் புள்ளி.

என் வாசிப்பு இதனால் உறுதிப்பட்டது என்பதே என் நிலைப்பாடு. முதல் சொல் முழுக்கச் சரி. இரண்டாம் சொல்லில் சிறு பாடவேறுபாடு. என் வாசிப்பின் ‘முத்து’விலும் கடையின் ‘வாழ்த்து’விலும் ‘த்து’ இருப்பது தற்செயல் ஆகாது. அந்தப் பையனுக்கு முனைவர் பட்டம் இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

கூட வந்திருந்த மைத்துனருக்கு வேறு கவலை. “வாழ்த்துக்கள் இல்லை, வாழ்த்துகள். க் வராது.” எனக்குப் பின்னால் ஆதார் அட்டையோடு நின்ற பெரியவர், “வரும்” என்றார். அவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியராம். க் போட்டுக் கள்ளைத் தனியாகப் பிரித்தால் வாழ்த்து கள்ளுக் குடம் ஏந்தி வருவதாகப் பொருள்படும் என்றார் மைத்துனர். அப்படியானால் தங்கள் கருத்துகளையும் தாங்கள் அருந்த மாட்டீர்களா என்று பெரியவர் கேட்டார். வரிசை தெருவுக்குப் போயிற்று. ஆண்டுதோறும் தைக்கும் சித்திரைக்கும் தமிழகத்தைப் பிளக்கிற இந்தப் போர், பாமினியின் கணக்கில் ஒரே ஓர் எஃப்பும் அரைப்புள்ளியும்தான். இதைச் சுட்டிக்காட்டினேன். இருவரும் ஒன்று சேர்ந்து என்னைத் திட்டினார்கள் (பெரியவர், மைத்துனர் ஆகியோரின் கூட்டறிக்கை, ஜெராக்ஸ் கடை வாசல், காலை 11.20, பதிப்பாசிரியர் குறிப்பு: பையன் “அடுத்த ஆள் வாங்க” என்றதால் அறிக்கையின் இறுதிப் பகுதி சிதைந்துள்ளது, உள்ளவரை மூன்று வசைச் சொற்கள் ஐயமின்றி வாசிக்கப்பட்டன, நான்காவது பாடச் சிக்கலுக்குரியது, அதில் ஒற்று மிக்கதா என்பதிலும் அறிஞர்கள் வேறுபடுகின்றனர்).

பின்பனி

காண்க: முன்பனி.

குறியேற்றம் பற்றிய இடைப்பிறவரல்

கடைப் பையனிடம் நான் ஏன் இப்படி என்று கேட்டிருக்கக் கூடாது. எந்த எழுத்துக்கு எந்த நாற்காலி என்பதற்குத் திஸ்கி என்று ஒரு குறியேற்றம் இருந்தது. 1999-ல் சென்னையில் மாநாடு கூட்டி டாப், டாம் என்று இரண்டு கொண்டுவந்தார்கள். 2010-ல் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி யூனிகோடும் அதனுடன் டேஸ் 16 என்று இன்னொன்றும் அரசுத் தரமாயின. யூனிகோட் தமிழுக்கு 128 இடம் ஒதுக்கி அதில் 72-ஐ நிரப்பியிருக்கிறது. நம் எழுத்தோ 247. மிச்சமெல்லாம் ஒட்டவைத்தல். அந்த வகையில் கணினித் தமிழ் முழுவதுமே ஓர் ஒட்டேடுதான் என்பது தெள்ளிதின் விளங்கும்.

எழுத்துரு இல்லாத இடத்தில் யூனிகோட் தமிழ் வெற்றுக் கட்டங்களாக வரும். கணினிக்காரர்கள் இதை ‘டோஃபு’ என்பார்கள், சோயா பனீர் துண்டு போல இருப்பதால். கூகுள் தன் எழுத்துருக் குடும்பத்துக்கு நோட்டோ என்று வைத்த பெயரே ‘டோஃபு வேண்டாம்’ என்பதன் சுருக்கம். மாமியாரிடம் காட்டினேன். “இட்லி மாதிரி இருக்கு” என்றார்.

இளவேனில்

சுருக்கமாக எழுதியிருந்தால் பிரச்சினை வந்திராது. ‘இளவேனிற்காலம்’ என்று முழுதாக வேண்டும் என்றேன். எட்டு எழுத்து. எழுபத்திரண்டு புள்ளி அளவில் அடித்தால் ‘இளவேனிற்’ வரைதான் தாளில் நிற்கிறது, காலம் கடந்துவிடுகிறது.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. தமிழ் எழுத்து 1578-லேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்று அச்சேறிவிட்டது. ஆனால் 1713-ல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு கையில் வந்தவை ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த எழுத்துகள். பெரிது பெரிதாக இருந்தன. புதிய ஏற்பாட்டை அந்த அளவில் அடித்தால் இருக்கிற தாள் போதாது. சின்ன எழுத்து வார்க்க ஈயம் வேண்டுமே? இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த ஈயத் தகட்டை உருக்கி, பக்கத்தில் பொறையாற்றில் வார்த்தார்கள் என்பார்கள். தமிழில் முதலில் அச்சான விவிலியத்துக்கு அடியில் ஒரு பாலாடைக்கட்டி டப்பா இருக்கிறது. நான் எழுத்தை நாற்பத்தெட்டுப் புள்ளியாகக் குறைத்துக்கொண்டேன். உருக்க வேண்டியிருக்கவில்லை.

முதுவேனில்

வேர்ட் ஆர்ட்டில் வானவில் போல வளைத்து, ஆரஞ்சு நிறத்தில், நிழலோடு. இதைப் பற்றி எந்த விளக்கமும் தர விரும்பவில்லை. மகளுக்குப் பிடித்த ஒரே பக்கம் இது.

முடிவுரை

ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு ஆறு தலைப்பையும் வெட்டி ஒட்டினோம். முன்பனித் தலைப்பு மட்டும் கடைப் பிரின்டரில் மங்கி வந்தது. “டோனர் கம்மி சார், இவ்ளோ மெலிசா வெச்சா இப்படித்தான் வரும்” என்று பையன் அப்போதே எச்சரித்தான். பனி என்றால் மங்கலாகத்தானே இருக்கும் என்று நான் மகிழ்ந்தேன். பள்ளிக்குக் கிளம்பும்போது மகள் அந்தப் பக்கத்தை விரலால் தொட்டு, “அப்பா, இது சரியா இருக்கா?” என்றாள். அவள் தகவலாளர் அல்லள் என்பதை முன்னரே கூறியுள்ளேன்.

ஒட்டேடு வியாழக்கிழமை திரும்பி வந்தது. ஆறு பக்கம் ஏன் என்று கேட்கவில்லை. பாலூ தம்பிக்கு ஒரு ஸ்டார். வேர்ட் ஆர்ட்டுக்கு இரண்டு ஸ்டார். நான்கு பேர் ஒரு வாரம் ஆய்ந்தும் காணாததை அந்த மிஸ் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார். மெலிந்த கேட்டமரனில் நான் அடித்திருந்தது ‘முன்பணி’. மூன்று சுழி. பக்கத்திலேயே, ‘முன்பனி: பத்து முறை எழுதி வரவும்’.

மகள் நோட்டையும் பால்பாயின்ட் பேனாவையும் என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். “நீங்கதானே அடிச்சீங்க” என்றாள். சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து பத்து முறை எழுதினேன். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை ஒவ்வொரு வரியாக இறக்கினார்.

“ஏழாவதுல மூணு சுழி இருக்கு மாப்பிள்ளை.”